முத்து எங்கீங்க கிடைக்கும்?

எல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஆரம்பிச்சது.

ஜனவரி மாசம். சென்னை புத்தகக் காட்சிக்குப் போய்ட்டு ஊர் திரும்புறேன். கையில ரெண்டு பை, தோள்ல ஒண்ணு. (வீட்டுல "ரெண்டே ரெண்டு புக்குதான்"னு சொல்லிட்டுப் போனவன். அந்த வழக்கு தனியா நடக்குது.) லோயர் பெர்த்தை ஒரு பாட்டிம்மாவுக்குக் கொடுத்துட்டு மேல ஏறப் போற நேரம், எதிர்ல இருந்த பையன் பேச்சுக் கொடுத்தான். ஈரோட்டுப் பக்கம். தூத்துக்குடியில வேலை கிடைச்சு முதல் தடவையா வர்றான்.

"ஏனுங்ணா, உங்கூர்ல முத்து எங்கீங்க கிடைக்கும்? அம்மா கேட்டாங்க."

"முத்தா? நீங்க மக்ரூன் வாங்கிட்டுப் போங்க தம்பி. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி. வாயில வச்சா கரையும்."

"இல்லீங்ணா... ரயிலுக்கே முத்துநகர்னுதானுங்களே பேரு?"

முழிச்சேன்.

"சரிங்ணா, உங்க ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்க நல்ல புக்கு ஒண்ணு சொல்லுங்க. பை நிறைய வச்சிருக்கீங்களே."

பையில இருந்தது பதினாலு புத்தகம். ரஷ்யா இருந்துச்சு. ஜப்பான் இருந்துச்சு. லத்தீன் அமெரிக்கா ரெண்டு இருந்துச்சு. தூத்துக்குடி இல்ல.

பொறந்தது, வளந்தது, கல்யாணம் முடிச்சது, கடன் வாங்குனது எல்லாம் இதே ஊர். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புற ஆபீஸ்ல இருபது வருஷமா பேப்பர் தள்ளுறேன். ஒரு வெளியூர்ப் பையன் கேட்டா மக்ரூனைத் தவிர சொல்ல ஒண்ணும் இல்ல. கோவில்பட்டி வரைக்கும் தூக்கம் வரல.

அதனால அன்னைக்கே ஒரு முடிவு. இந்த வருஷம் முழுக்க எங்க கரையைப் பத்தின புத்தகம் மட்டும்தான். வடக்கே வேம்பார், தெற்கே உவரி. அதைத் தாண்டி ஒரு பக்கம்கூடப் புரட்டக் கூடாது. (ரெண்டு தடவை தாண்டினேன். ஒண்ணை மட்டும் பின்னாடி ஒத்துக்கிறேன்.)

இன்னொண்ணும் செஞ்சேன். காதுல ஒரு பென்சில். படிக்கிறப்ப முத்து வர்ற இடத்துல எல்லாம் ஓரத்துல 'மு'ன்னு குறிச்சுக்கிறது. அந்தப் பையனுக்கு என்னைக்காவது பதில் சொல்லணும்ல.

முதல் தப்பை முதல்லயே செஞ்சேன். எடுத்த எடுப்புல 'கொற்கை'.

ஜோ டி குருஸ் எழுதினது. 2009ல வந்து, 2013க்கான சாகித்ய அகாதமி வாங்கின நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல. பேரே பழைய பாண்டியர் முத்துத் துறை. முத்து கொட்டப் போகுதுன்னு பென்சிலைக் கூரா சீவி வச்சுக்கிட்டு உக்காந்தேன். ராத்திரி மல்லாக்கப் படுத்துப் படிச்சா தூக்கத்துல மூக்கு மேல விழும். ஒரு தடவை விழுந்துச்சு. மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் நூறு பக்கத்துல நின்னுட்டேன். பேரு பேரா ஆளுங்க வர்றாங்க, தலைமுறை தலைமுறையா. யாரு மருமகன் யாரு மச்சான்னு துண்டுச் சீட்டுல எழுதி வச்சும் பிடிபடல.

"மூணு வாரமா ஒரே பக்கத்துலதான நிக்கிய"ன்னு வீட்டுல கேட்டாங்க. நிக்கிறதுல என்ன இருக்கு, கப்பலே வெளிய நங்கூரம் போட்டு வாரக்கணக்குல நிக்குதுன்னேன். எடுபடல.

சரின்னு பெரிசை ஓரமா வச்சுட்டு சின்னதை எடுத்தேன். வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்'. 1977ல வந்த நாவல். மணப்பாட்டுக் கதை. மெல்லிசு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தொடங்கி சாயந்திரம் முடிச்சுட்டு, அப்புறம் ரெண்டு நாள் யார்கூடயும் சரியாப் பேசல.

கதைன்னு சொன்னா ஒரு வரிதான். குரூஸ் மிக்கேலுக்குத் தன்னோட வல்லத்தையும் (நாட்டுப் படகு) வீட்டையும் விக்க மனசில்ல. வாத்தியாரா இருக்கிற மகனுக்கு அதை வித்துட்டு அப்பா தன்கூட வந்துடணும். ஊர்ல மோட்டார் லாஞ்சு வந்துடுச்சு. வல்லத்துக்காரங்களுக்கும் லாஞ்சுக்காரங்களுக்கும் தகராறு. நடுவுல மகள் பிலோமி. அவ ஒருத்தனை விரும்புறா, அது நடக்கல. அவ்வளவுதான்.

ஆனா அந்த மனுசர் எழுதியிருக்கிற விதம் இருக்கே. தப்புப் பண்றவங்க நிறைய பேர் வர்றாங்க அதுல. ஒருத்தரைக்கூட எழுதினவர் திட்டல, யார் பக்கமும் சாயல. பிலோமி ஏமாந்து போற இடத்துல நான்தான் கோவப்பட்டேன், அவ கோவப்படல. எனக்கு ஒரு அக்கா உண்டு, அவளும் இப்படித்தான். அவகிட்ட இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் யோசிக்கிறேன்.

வண்ணநிலவன் கடல்காரர் கிடையாது, திருநெல்வேலிக்காரர். அதனால பேச்சுல அங்கங்க திருநெல்வேலி வாடை அடிக்குதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணாச்சி குறை சொன்னார். அவரு மணப்பாட்டுப் பக்கம், சொல்ல உரிமை உண்டு. "ஆனா ஒண்ணு தம்பி, அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்"னாரு. பிலோமியைத்தான் சொல்றார். இதுக்கு மேல என்ன விமர்சனம் வேணும்?

'மு' கணக்கு? பென்சிலுக்கு வேலையே இல்ல. வல்லமும் வலையும் லாஞ்சும்தான்.

அடுத்தது, இந்த வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம். முன்னாடியே சொல்லிடுறேன், கடைசி வரைக்கும் காக்க வைக்கிற ஆள் நான் இல்ல.

ராஜம் கிருஷ்ணனோட 'கரிப்பு மணிகள்'. 1979. எங்க உப்பளத் தொழிலாளிங்களைப் பத்தின நாவல்.

இதை நான் படிச்சது போன்ல. அவங்க எழுத்தை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கினதால இணையத்துல சும்மாவே கிடைக்குது. ஆபீஸ் போற பஸ்ல தினமும் பத்து பக்கம். அந்த பஸ் எங்க வழியாப் போகுதுன்னா, உப்பளம் வழியா. ரெண்டு பக்கமும் பாத்தி, நடுவுல ரோடு.

இருபது வருஷமா அந்த ரோட்டுல போறேன். வெள்ளை வெள்ளையா உப்பு அம்பாரம், மேல ஓலை இல்லன்னா தார்ப்பாய். வெளியூர்ச் சொந்தக்காரங்க வந்தா "அழகா இருக்குல்ல"ன்னு காட்டிக் கொடுப்பேன். போட்டோகூட எடுத்துக் கொடுத்திருக்கேன். அதுக்குள்ள ஆள் நிக்குறதை நான் பாத்ததே இல்ல. பாத்தேன், ஆனா பாக்கல. புரியுதா?

பொன்னாச்சின்னு ஒரு பொண்ணு தம்பியைக் கூட்டிக்கிட்டு அளத்து வேலைக்கு வர்றா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிக்கணும்னு இருட்டோட கிளம்புறது, உப்புத் தண்ணியில கால் ஊறி வெடிக்கிறது, வெள்ளைப் பாத்தியில வெயில் பட்டுத் திரும்பி அடிச்சுக் கண்ணு கூசுறது, கூலி போடுறவன் பார்வை போற இடம். எல்லாம் படிச்சுட்டுத் தலையைத் தூக்கினா ஜன்னலுக்கு வெளிய அதே பாத்தி. வாருபலகையைப் பிடிச்சு உப்பை இழுத்துக்கிட்டு ஒரு அக்கா. தலையில துணி, கால்ல ஒண்ணும் இல்ல. 1979ல வந்த புத்தகம் என் கையில, ஆளு வெளிய.

இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, ராஜம் கிருஷ்ணன் முசிறியில பொறந்தவங்க. எங்கிருந்தோ கிளம்பி வந்து, அளத்துக்குள்ள இறங்கி, கேட்டு விசாரிச்சு எழுதியிருக்காங்க. இது மட்டுமில்ல, மீனவங்களைப் பத்தி 'அலைவாய்க் கரையில்'னு ஒண்ணும் எழுதியிருக்காங்க. நான் பஸ்ல உக்காந்து தூங்கியிருக்கேன்.

(எங்க ஊர்லயே இருந்து எழுதினவர் ஸ்ரீதர கணேசன். அவரோட 'உப்பு வயல்' இதுக்கு அடுத்துப் படிச்சேன். ரெண்டையும் சேத்துப் படிங்க. ஒண்ணு வந்து பாத்தவங்க எழுதினது, இன்னொண்ணு ஊருக்குள்ளயே கிடந்தவர் எழுதினது. வித்தியாசம் நல்லாத் தெரியும்.)

'மு' கணக்குல இங்க ஒரு சிக்கல். முத்து வரல. ஆனா தலைப்பைப் பாருங்க. மணிகள். உப்பையே மணின்னுதான் சொல்றாங்க. ரொம்ப நேரம் யோசிச்சு, அட்டையில ஒரே ஒரு 'மு' போட்டேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு, படிக்கிறது போன்ல. கண்ணாடியில கோடு விழுந்ததுதான் மிச்சம்.

ஜூன் மாசம் மறுபடி ஜோ டி குருஸ்கிட்ட வந்தேன். இந்தத் தடவை புத்தியோட, முதல்ல 'ஆழி சூழ் உலகு'. 2004ல வந்த அவரோட முதல் நாவல். ஆமந்துறைன்னு ஒரு ஊர். கட்டுமரத்துல போய்க் கடல்ல மாட்டிக்கிட்ட மூணு பேர், ஒரு கிழவர், ஒரு நடுவயசு, ஒரு இளசு. அவங்க மிதக்குறாங்க, அதுக்கு நடுவுல ஊரோட அரை நூற்றாண்டு ஓடுது. சத்தியமா சொல்றேன், கடைசி ஐம்பது பக்கம் தண்ணி குடிக்க எந்திரிக்கல. குடிக்கவும் தோணல, சுத்தி அவ்வளவு தண்ணி.

முதல்ல பேச்சு புரியாது. நெய்தல் கரை பாஷை. எனக்கே புரியல, நான் தூத்துக்குடி டவுன்ல வளந்தவன். காத்துக்கு ஒரு பேரு, நீவாட்டுக்கு (கடல் நீரோட்டம்தான்) ஒரு பேரு. ஐம்பது பக்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போங்க. அதுக்கப்புறம் காது பழகிடும். அகராதி தேடாதீங்க. கடல்ல எவனும் அகராதி பாத்து நீந்துறது இல்ல.

அந்தக் காதோட 'கொற்கை'க்குள்ள போனேன் பாருங்க, இந்தத் தடவை கதவு திறந்துச்சு. பாய்மரத் தோணி காலத்துல இருந்து இயந்திரம் வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு. தோணி வச்சிருக்கிறவன், தோணியை ஓட்டுற தண்டல், சரக்கு ஏத்துறவன், வட்டிக்குக் கொடுக்கிறவன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போற வழி. ஜோ டி குருஸ் கப்பல் தொழில்லயே இருக்கிறவர். அதனால சரக்குச் சீட்டு, வாடகை, பேரம்னு வர்ற இடமெல்லாம் நான் ஆபீஸ்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. (கெட்ட விதத்துலயும்தான்.)

முத்தும் சங்கும் அங்கங்க எட்டிப் பாக்குது. கதை ஓடுறது தோணியில. பேரு கொற்கை, உள்ள தோணி. பேரு முத்துநகர், உள்ள உப்பு. இந்த எடத்துலதான் எனக்கு லேசா உறைக்க ஆரம்பிச்சது.

நடுவுல கதை இல்லாத ஒரு புத்தகம். ஆ.இரா.வேங்கடாசலபதியோட 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024க்கான சாகித்ய அகாதமி. வ.உ.சி. பேரு எங்க ஊர்ல துறைமுகத்துல இருந்து காலேஜ் வரைக்கும் இருக்கு. தினமும் அம்பது தடவை அந்தப் பேரை டைப் அடிக்கிறேன், விலாசத்துல. ஆள் என்ன செஞ்சார்னு ஸ்கூல் பாடத்துக்கு மேல தெரியாது.

1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிரா தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல். 1908ல கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12ல அவரைக் கைது பண்றாங்க, மறுநாள் திருநெல்வேலி பத்திக்கிட்டு எரியுது. துப்பாக்கிச் சூட்டுல நாலு உயிர் போச்சு. இந்தப் புத்தகத்துல எனக்குப் பிடிச்சது வ.உ.சி. வர்ற இடங்கள் இல்ல. பேரே தெரியாம ஜெயிலுக்குப் போன சாதாரண ஆளுங்களை ஒவ்வொருத்தரா வேங்கடாசலபதி தேடிப் பிடிக்கிற இடங்கள். நூறு வருஷத்துக்கு முந்தின போலீஸ், கோர்ட்டுக் காகிதத்துக்குள்ள உக்காந்து ஆளைத் தேடுறது லேசான வேலையா? நான் போன மாசத்து சரக்கு பில்லையே தேடிக் கண்டுபிடிக்க முடியாம ரெண்டு நாள் அலைஞ்சவன்.

இங்கயும் முத்து இல்லன்னு தனியா சொல்லணுமா?

ஆகஸ்ட் வந்துடுச்சு. மாதா கோவில் திருவிழா முடிஞ்சு ஊர் ஓய்ஞ்ச நேரம். கதைப் புத்தகத்துல தேடினது போதும், நேரா முத்துக் கணக்குக்கே போவோம்னு தர்ஸ்டனைப் பிடிச்சேன். எட்கர் தர்ஸ்டன், சென்னை மியூசியம் கண்காணிப்பாளரா இருந்த வெள்ளைக்காரர். மன்னார் வளைகுடா முத்து, சங்குக் குளிப்பைப் பத்தி 1894ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இங்கிலீஷ். அறிக்கை மாதிரி இருக்கும். ஆனா கண்ணு நல்ல கண்ணு.

கடல்கட்டின்னு ஒருத்தர் வர்றார் அதுல. சுறா வாயைக் கட்டுறவர். மந்திரம் போட்டு. அவர் வந்து நின்னாத்தான் குளிக்கிறவன் தண்ணியில இறங்குவான். சிரிப்பு வரும். ஆனா இடுப்புல கயிறு, கால்ல கல்லு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கடலடிக்குப் போறவன் இடத்துல இருந்து யோசிச்சா சிரிப்பு நின்னுடும்.

கயிறுன்னதும் ஞாபகம் வருது. இது தர்ஸ்டன் சொல்லல, எங்க ஊர்ல பெரியவங்க சொல்றது. முத்துக் குளிக்கிறவனுக்கு மேல நின்னு கயிறு பிடிக்கிறது மச்சானாத்தான் இருக்கணுமாம். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். ஏன்னா அக்கா தங்கச்சி தாலி அறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான். என் மச்சானை நினைச்சுப் பாத்தேன். கேஸ் சிலிண்டர் தூக்கக் கூப்பிட்டா போனே எடுக்க மாட்டான். நான் கரையிலயே இருந்துக்கிறேன்.

சரி, முக்கியமான விஷயம். கரைக்கு வந்த சிப்பியை மூணு குவியலாப் பிரிப்பாங்களாம். ரெண்டு குவியல் அரசாங்கத்துக்கு. ஒண்ணு குளிச்சவனுக்கு. அந்த ஒண்ணையும் அவன் வீட்டுல வச்சு அழுக விட்டு, அலசி, முத்துப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? கரையிலயே வித்துட்டுப் போவான். வாங்க ஊர் ஊரா இருந்து வியாபாரிங்க காத்துக்கிட்டு நிப்பாங்க.

பென்சிலைக் கீழ வச்சுட்டேன்.

இந்த ஊர்ல முத்து எடுத்தாங்க. இந்த ஊர்ல முத்து தங்கல. பாண்டியன் காலத்துல பாண்டியனுக்குப் போச்சு, அப்புறம் போர்ச்சுகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன். உப்பு தங்குச்சு, தோணி தங்குச்சு, வலை தங்குச்சு. அதனாலதான் எழுதினவங்க எல்லாம் அதையே எழுதியிருக்காங்க. கையில தங்கினதைத்தானே கதையா எழுத முடியும்.

என் வீட்டு விஷயத்தையே பாருங்களேன். எங்க வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு முத்துமாலை. கல்யாணத்துக்கு வாங்கினது. எங்க வாங்கினோம்? ஹைதராபாத். கடலே இல்லாத ஊர்ல.

(தாண்டினேன்னு சொன்னேன்ல, அது ஸ்டைன்பெக்கோட முத்து நாவல். 1947. மெக்சிகோ கதை. கினோன்னு ஒரு ஏழைக்குப் பெரிய முத்து கிடைக்குது. அவனும் கல்லைக் கட்டிக்கிட்டுத்தான் இறங்குறான். விக்கப் போனா வியாபாரிங்க ஆளாளுக்கு மட்டம் தட்டுறாங்க. ஆனா எல்லாருக்கும் பின்னாடி முதலாளி ஒருத்தன்தான். மீன் ஏலம் பாத்தவனுக்கு இது புதுசு இல்ல. நூறு பக்கம்கூட வராது. படிச்சுடுங்க, முடிவை நான் சொல்லல.)

முத்துக் காசு ஊருக்கு ஒண்ணுமே செய்யலையான்னு கடைசியாத் தோண்டினப்ப கிடைச்சது 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மொழி எழுத்துல இந்திய மண்ணுல அச்சான முதல் புத்தகம். 1578 அக்டோபர் 20, கொல்லத்துல. பதினாறே பக்கம். அதைச் செஞ்ச பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்தது எங்க புன்னைக்காயல்ல. அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது முத்துக்குளித்துறை மக்கள். அப்ப அவங்க கையில இருந்த காசு எங்க இருந்து வந்திருக்கும்? கடலடியில இருந்துதான்.

படம் பிடிச்சுப் போட்டிருந்த பக்கத்தை இணையத்துல பாத்தேன். பழைய எழுத்து. ஒரு வரியைத் தடவித் தடவிப் படிக்க அரை மணி நேரம் ஆச்சு. அதோட ஓரத்துல பெரிசா ஒரு 'மு' போட்டேன். மனசுலதான். போன் கண்ணாடியில இன்னொரு கோடு தாங்காது.

ஆக, யாராவது கேட்டா என் வரிசை இது. முதல்ல 'கடல்புரத்தில்'. அப்புறம் 'கரிப்பு மணிகள்'. மூணாவது 'ஆழி சூழ் உலகு'. அது முடிஞ்சப்புறம் மட்டும் 'கொற்கை', அதுவும் மேஜையில வச்சு. வ.உ.சி. புத்தகத்தை எப்ப வேணா எடுக்கலாம். வாங்கினதும் பாலிதீன் கவர் போட்டு வைங்க. எங்க ஊர்க் காத்துல உப்பு இருக்கு. ஆறு மாசத்துல ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சுப் பக்கமெல்லாம் மஞ்சள் கறை.

ஒரு குறை மட்டும் தீரல. முத்துக் குளிச்சவன் தானே எழுதின புத்தகம் ஒண்ணு. வருஷம் பூரா தேடியும் என் கையில மாட்டல. அரசன் எழுதி வச்சான், பாதிரியார் எழுதினார், அதிகாரி எழுதினார். தண்ணிக்குள்ள இறங்கினவன் குரல் எங்க?

எங்க கடல்ல கடைசியா முத்துக் குளிப்பு நடந்தது 1961ல. அதுக்கப்புறம் கடலடிப் பார்ல (சிப்பி வளர்ற இடம்) சிப்பி தேறல. திரேஸ்புரம் பக்கம் சங்குக் குளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. முத்துக்கு இறங்கினவங்கள்ல இன்னும் உயிரோட இருக்கிறவங்க எத்தனை பேர்? அன்னைக்கு இருபது வயசா இருந்தவருக்கு இப்ப எண்பது தாண்டிருக்கும்.

உங்க தெருவுல அப்படி ஒரு தாத்தா இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போங்க. மக்ரூன் வேண்டாம், சுகர் இருக்கும். வெத்தலை வாங்கிட்டுப் போங்க. போன்ல ரெக்கார்டரைத் தட்டிவிட்டுட்டு, "தாத்தா, உங்களுக்குக் கயிறு பிடிச்சது யாரு?"ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவர் சொல்லுவார்.